சிந்தினவர்கள் வீடு

படித்தவர்கள் பொய் சொல்லும் விதமே வேறு. வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். எதிரில் இருப்பவர் தானாகத் தப்பாக நினைத்துக்கொள்ளும்போது, அதைத் திருத்தாமல் பையை மூடிக்கொண்டு கிளம்பி வந்துவிடுவார்கள். கேட்டால், நான் எங்கே சொன்னேன் என்பார்கள். வஸுமதி செய்ததும் இதைத்தான். அவளைத் திட்டுவதற்கு முன்னால் நடந்ததைக் கேட்டுவிடுங்கள், பிறகு உங்கள் இஷ்டம்.

திருப்பதியில் பிறந்து வளர்ந்த பெண். அப்பா ஹயக்ரீவன் பெருமாள் கோயில் கைங்கரியத்தில் இருக்கிறார். வீட்டில் எச்சில், பத்து என்று தீட்டுப் பார்ப்பதெல்லாம் இன்னும் கறாராக உண்டு. அந்த வீட்டுப் பெண் மூன்று வருஷமாக ஆய்வுக்கூடத்தில் மனிதத் தோலிலிருந்து நரம்புச் செல் வளர்க்கிறாள். வீட்டில் அதற்கு 'லேப் வேலை' என்று மட்டும் பெயர்.

அவள் எடுத்துக்கொண்டது ஹன்டிங்டன் நோய். பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெரும்பாலும் முப்பத்தைந்து, நாற்பது வயதுவரை ஒன்றும் தெரியாது. பிறகு கை தானாக ஆடும், கால் தானாக இழுக்கும், நடை தள்ளாடும், காரணமில்லாமல் கோபம் வரும், மறதி வரும். பதினைந்து இருபது வருஷத்தில் ஆளைக் கொண்டுபோய்விடும். எல்லாம் ஒரே ஒரு ஜீன் செய்யும் வேலை. அந்த ஜீனில் எல்லோருக்கும் இரண்டு பிரதி உண்டு. நோயாளியிடம் ஒன்று நல்லது, ஒன்று கெட்டது. நல்லதைத் தொடாமல் கெட்டதை மட்டும் வாயடைக்க ஒரு மருந்து வேண்டும். அப்படி ஒரு மருந்தைத்தான் அவள் தட்டில் வளரும் செல்களில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு ஒரே குடும்பத்திலிருந்து மூன்று பேராவது கையில் மிளகளவு தோல் கொடுக்க வேண்டும்.

யார் கொடுப்பார்கள்? மூன்று குடும்பங்கள் வாசலோடு அனுப்பிவிட்டன. நான்காவது குடும்பம் குடிபாலாவுக்கு உள்ளே இரண்டு கிலோமீட்டரில், மாந்தோப்புகளுக்கு நடுவில் இருந்தது. இதற்கு முன் இரண்டு ஊர்களிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்து அங்கே வெறுங்கையோடு திரும்பியிருந்தார்கள். அவளுடைய கைடு கிரண்குமார், "இதுவும் போச்சுன்னா டாபிக் மாத்திக்கம்மா" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

ஜூன் மாதம், உச்சி வெயில். சித்தூரில் பஸ் மாறி, குடிபாலாவில் இறங்கி, ஷேர் ஆட்டோ கிடைக்காமல் நடந்தே போய்ச் சேர்ந்தாள். தளம் போட்ட சிறிய வீடு. கூடத்தில் ரவி உட்கார்ந்திருந்தார். நாற்பத்தாறு வயது, முன்பு டிராக்டர் ஓட்டியவர். அவர் தோள் ஒரு பக்கம் எகிறியது, அடங்கியது, பாதம் தரையைத் தேய்த்தது. புத்தகத்தில் படித்ததெல்லாம் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் அவருடைய தம்பி குணா, சுவரோரம் மகள் பவ்யா. பவ்யாவுக்கு இருபத்துநாலு வயது. சத்தியவேட்டில் ஹாஸ்டலில் தங்கி ஒரு போன் கம்பெனியில் வேலை செய்கிறாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவாள் என்று பிறகு தெரிந்தது.

வஸுமதி தன் பெயரையும் படிப்பையும் சொல்லி முடிக்கும்வரை ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சுக்கு நடுவில் அவள் முடியை ஒதுக்கினால் மூன்று ஜோடிக் கண்ணும் காதுவரை போய்த் திரும்பின.

ரவியின் மனைவி தனபாக்கியம் உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்தாள். பெரிய எவர்சில்வர் தம்ளர். விளிம்புக்கு மேல் தண்ணீர் உப்பி நிற்க, ஒரு சொட்டுச் சிந்தாமல், அடிமேல் அடி வைத்து வந்தாள். குணா எழுந்து டி.வி.யை நிறுத்தினார்.

"குடிம்மா. வெய்யில்ல வந்துகீற."

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் குனிந்து, விளிம்பில் வாய் வைத்து, ஒரு மிடறு உறிஞ்சிவிட்டுப் பிறகு தூக்கியிருப்பார்கள். வஸுமதியின் வீட்டில் தம்ளரில் உதடு பட்டால் அம்மா அந்தத் தம்ளரைத் தேய்க்கப் போட்டுவிடுவாள். பேசப் பழகுவதற்கு முன்பே தூக்கிக் குடிக்கப் பழகியவள் அவள். இப்போதும் யோசிக்காமல் தலையை அண்ணாந்து, தம்ளரை உயரத் தூக்கிச் சரித்தாள். தளும்பி நின்ற தண்ணீர் வேறென்ன செய்யும்? முகவாயில், கழுத்தில், துப்பட்டாவில், தரையில் கொட்டியது.

யாரும் சிரிக்கவில்லை. துணி கொண்டு வரவும் யாரும் எழுந்திருக்கவில்லை.

"சிந்திடுச்சு" என்றாள் தனபாக்கியம், மெதுவாக, இறந்த வீட்டில் பேசுகிற குரலில்.

குணா போய் வாசல் கதவைச் சாத்தினார். ரவியின் கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. எகிறும் கையை இன்னொரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "வா பாப்பா, கிட்ட வா" என்றார். அந்தக் குரலில் இருந்த அன்பு அவளைப் பயமுறுத்தியது. முன்பின் தெரியாத ஆள் மேல் யாரும் அவ்வளவு அன்பு வைப்பதில்லை.

துப்பட்டாவை உலர்த்த என்று பவ்யா அவளைப் பின்கட்டுக்கு அழைத்துப்போனாள். அங்கேதான் விஷயம் தெரிந்தது.

"எங்க வூட்டுக்கு யாரு வந்தாலும் ரொம்பித்தான் குடுப்போம்க்கா. சிந்தாம குடிச்சா வெளி ஆளு. சிந்தினா நம்ம ஆளு."

"நம்ம ஆளுன்னா?"

"எங்க தாத்தா கூடப் பொறந்தவங்க ஆறு பேரு. வேலூரு, பெங்களூருன்னு எங்கெங்கயோ போய்ட்டாங்க. யாரு எங்க கட்டிகினு யாரைப் பெத்தாங்களோ, இன்னா தெரியும்? மூஞ்ச வெச்சு கண்டுபுடிக்க முடியாது. கையை வெச்சு கண்டுபுடிச்சிடலாம்னு தாத்தா சொல்லுவாராம்." பவ்யா துப்பட்டாவைப் பிழிந்து கொடியில் போட்டாள். "நாங்களும் அமாவாசைக்கு அமாவாசை குடிக்கணும். நைனாக்கு முப்பத்தெட்டுல சிந்துச்சு. தாத்தாக்கு நாப்பத்தொண்ணு."

அந்த வீட்டில் நோய்க்கு வேறு பெயரே இல்லை. ஹன்டிங்டன் என்ற சொல்லை டாக்டர்கள் பலமுறை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அது பீரோவில் ஃபைலுக்குள் கிடந்தது.

வஸுமதிக்கு ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. 'நான் தூக்கிக் குடிக்கிறவள், அதனால்தான் கொட்டியது.' அவ்வளவுதான். மூச்சு விடுகிற நேரத்தில் சொல்லிவிடலாம். அதைச் சொல்லத்தான் கூடத்துக்குத் திரும்பினாள். அங்கே ரவி அவளுடைய படிவங்களை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பேனாவைக் கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் குத்திட்டுப் பிடித்து, கோணல்மாணலாகத் தன் பெயரைப் போட்டு முடித்திருந்தார்.

"ரெண்டு தபா வந்தவங்களைத் தொரத்திட்டேன்" என்றார். "அவங்களுக்கு இது பொழப்பு. நீ அப்டி இல்ல. உனுக்கே இருக்கசொல்ல நீ ஏமாத்துவியா? இன்னா வேணும், தோலா? எத்தினி வேணுமோ எடுத்துக்கோ."

குணா கையெழுத்துப் போட்டார். பவ்யாவும் போட்டாள். 'என்னுடைய பரிசோதனை முடிவு எனக்குத் தெரிய வேண்டாம்' என்ற கட்டத்தில் பவ்யா நிறுத்தி நிதானமாக டிக் அடித்தாள். மூன்று கையெழுத்து. மூன்று வருஷம் கிடைக்காதது அரைமணியில் கிடைத்துவிட்டது. வஸுமதி தன் வாக்கியத்தை விழுங்கிவிட்டு, "தேங்க்ஸ் அங்கிள்" என்றாள்.

அடுத்த வாரம் சித்தூரில் ஒரு தோல் டாக்டரின் கிளினிக்கில் மூவரும் வந்து தோல் கொடுத்தார்கள். ஊசி போடும்போது ரவி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "உனுக்கு எப்ப எடுத்தாங்க பாப்பா?" என்று கேட்டார். அவள் ஐஸ் பெட்டியை மூடுகிற சாக்கில் பதில் சொல்லாமல் இருந்துவிட்டாள். இரண்டாவது தடவை மௌனமாக இருப்பது முதல் தடவையைவிட எளிதாக இருந்தது.

ஆகஸ்டில் மருத்துவக் குறிப்புகள் எழுதிக்கொள்ள மறுபடி போனாள். இப்போது யாரும் தம்ளர் நீட்டவில்லை. தனபாக்கியம் சமையலறை அலமாரியிலிருந்து ஒரு சின்னச் சொம்பை எடுத்து, பாதி மட்டும் ஊற்றிக் கொடுத்தாள். அகல வாய், கனத்த அடி, ஆடினாலும் சாயாது. குடித்துவிட்டுக் கீழே வைக்கும்போதுதான் கழுத்தில் வெட்டியிருந்த எழுத்தைப் பார்த்தாள். சித்தூர் பாத்திரக்கடையில் புள்ளி புள்ளியாகக் குத்திப் போடுகிற எழுத்து. 'வஸுமதி' என்று இருந்தது.

"சிந்தினவங்களுக்கு தனிச் சொம்பு வாங்கிடுவோம்" என்றாள் தனபாக்கியம், சாதாரணமாக. "உன் பேர்ல அந்த ஸு போடத் தெரியலன்னான் கடைக்காரன். எழுதிக் காட்டிப் போட்டுகினு வந்தோம்."

அலமாரியில் இன்னும் ஏழு சொம்புகள் வரிசையாக இருந்தன. முனியம்மா, சின்னதம்பி, கன்னியப்பன் என்று எல்லாம் செத்துப்போனவர்கள் பெயர். ஏழாவதில் ரவி. எட்டாவது இடம் அவளுடையது. தனபாக்கியம் கழுவித் துடைத்து அந்த இடத்திலேயே கவிழ்த்து வைத்தாள். வஸுமதிக்கு என் பெயரை அந்த வரிசையிலிருந்து எடுங்கள் என்று கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் அன்றைக்குக் கூடத்தில் வேறு ஒரு காட்சியையும் அவள் பார்த்திருந்தாள். எட்டு வருஷமாக டாக்டரிடம் போவதற்குத் தவிர வாசல் தாண்டாத ரவி சட்டை போட்டுக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"டாக்டருக்குப் படிக்கிற பொண்ணே சிந்திகினு பஸ்ல ஊரு ஊராப் போவுது. எனக்கு இன்னா வெக்கம்?" என்றார் அவளைப் பார்த்துச் சிரித்து.

அவள் உண்மையைச் சொல்லாமலே திரும்பினாள். அதற்கப்புறம் வாரம் ஒருமுறை தனபாக்கியத்திடமிருந்து போன் வரும். கீழே பார்த்து நட, மாடிப்படியில் கம்பியைப் பிடித்துக்கொள், கத்தி எடுக்காதே, சோறு துன்னியா. அந்தக் குரல் தன்னிடம்தான் பேசுகிறது என்பது போனை வைத்த பிறகும் அரைமணி நேரம் அவளுக்கு மறக்காது.

ஆய்வுக்கூடத்தில் செல்கள் வளர்ந்தன. கார்த்திகை பிறந்த சமயத்தில் மூன்று தட்டிலும் நரம்புச் செல்கள் கால் நீட்டத் தொடங்கிவிட்டன. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒன்றை ஒன்று தேடிப்போய்த் தொட்டுக்கொண்டிருக்கும். ஒரு மதியம், ரவியின் தட்டில் சாயம் போட்ட ஒரு செல் விட்டுவிட்டு மினுங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், மேஜைமேல் இருந்த தன் இடது சுண்டுவிரலும் அதே போல விட்டுவிட்டுத் துடிப்பதைக் கவனித்தாள். கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தூக்கமில்லாத யாருக்கும் விரல் துடிக்கும். அது அவளுக்குத் தெரியும். தன் குடும்பத்தில் ஐந்து தலைமுறையில் யாருக்கும் இந்த நோய் இல்லை என்பதும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? அன்று சாயங்காலம் வீட்டுச் சமையலறையில், யாரும் இல்லாத நேரம் பார்த்து, ஒரு தம்ளரை விளிம்புவரை நிரப்பித் தூக்கிப் பார்த்தாள். மேல்தண்ணீர் நடுங்கியது.

"என்னடி அது, தீர்த்தத்தை வச்சுண்டு விளையாட்டு?" என்று கேட்டாள் பின்னால் வந்து நின்ற அம்மா.

"ஒண்ணுமில்லேம்மா."

"ஒரு மாசமாப் பாக்கறேன். கையையே பாத்துண்டிருக்கே."

மறுநாள் கிரண்குமார் முதல் முடிவுகளைப் பார்த்தார். மருந்து போட்ட செல்களில் கெட்ட புரதம் பாதியாகக் குறைந்திருந்தது, நல்லது அப்படியே இருந்தது. தட்டில்தான். மனிதனுக்குப் போக இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கிறது. ஆனாலும் அவர் முகம் மலர்ந்தது. பிறகு சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார். "ரெண்டு டீமைத் தொரத்தின குடும்பம் உனக்கு மட்டும் எப்படிம்மா அரைமணில சைன் பண்ணாங்க?"

வஸுமதி அழுதுவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "இதி தப்பு காதா, இது தப்பில்லையா, வஸுமதி? உனக்கும் நோய் இருக்குன்னு நம்பிக் குடுத்தது சம்மதமா?" "போய் உண்மையைச் சொல்லு. தெரிஞ்சு மறுபடி சைன் பண்ணா செல்லை வெச்சுக்கலாம். இல்லேன்னா மூணு தட்டையும் அன்னிக்கே பிளீச்ல ஊத்திடணும். நானே ஊத்துவேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமையே போனாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனாள். திட்டுவார்கள், வெளியே போ என்பார்கள், ரவி மறுபடி வீட்டுக்குள் அடைந்துவிடுவார். மூன்று வருஷ உழைப்பு பிளீச்சில் போகும். போகட்டும். அலமாரியில் கவிழ்ந்து கிடக்கும் அந்தச் சொம்பிலிருந்து வெளியே வந்தால் போதும் என்று இருந்தது அவளுக்கு.

கூடத்தில் நால்வரும் உட்கார்ந்து கேட்டார்கள். ஒளிக்காமல் சொன்னாள். எனக்கு இந்த நோய் இல்லை. நான் உங்கள் சொந்தம் இல்லை. எங்கள் வீட்டில் தம்ளரில் வாய் வைத்துக் குடிக்க மாட்டோம், தூக்கித்தான் குடிப்போம், அதனால்தான் அன்றைக்குக் கொட்டியது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும், கையெழுத்துக்கு ஆசைப்பட்டுச் சொல்லவில்லை, மன்னித்துவிடுங்கள்.

ஒருவருக்கும் கோபம் வரவில்லை. ரவி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். குணா தரையைப் பார்த்தார். தனபாக்கியம் எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"எல்லாரும் மொதல்ல அப்டித்தாம்மா சொல்லுவாங்க."

"இல்ல ஆன்ட்டி, நிஜமா."

"நிஜமாத்தான். இவுரு இன்னா சொன்னாரு தெரியுமா? தம்ளர்ல சோப்பு வழுக்கிச்சுன்னாரு. ரெண்டு வருசம் அதையே சொன்னாரு. மாமனாரு பல்லு வலின்னாரு. முனியம்மா அத்தை, நான் இந்த வூட்டுப் பொண்ணே இல்ல, ஆஸ்பத்திரில மாத்திட்டாங்கன்னு சாவுற வரிக்கும் சொல்லிச்சாம்."

வஸுமதி கையை நீட்டினாள். "இப்பவே ஒரு தம்ளர் கொடுங்க. விளிம்பு வரைக்கும் ஊத்திக் கொடுங்க. உங்களை மாதிரியே வாய் வச்சுக் குடிச்சுக் காட்டறேன்."

"வேணாம்மா."

"ஒரே ஒரு தடவை!"

"சிந்தினவங்களுக்கு ரெண்டாந்தரம் வெக்கமாட்டோம்" என்றார் குணா. அன்றைக்கு அவர் பேசியது அது ஒன்றுதான். "அது பாவம்."

அவள் எழுந்து சமையலறைப் பக்கம் இரண்டடி வைத்தாள். தனபாக்கியம் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிடித்த பிடியில் பலவந்தம் இல்லை, இரக்கம்தான் இருந்தது. அந்த இரக்கத்தை உதறத் தெரியாமல் நின்றாள் வஸுமதி. வெறி பிடித்தாற்போல நிற்கிற தன்னை நால்வரும் எப்படிப் பார்க்கிறார்கள் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காரணமில்லாத கோபம் வரும் என்று தன் ஆய்வுக் கட்டுரையின் முதல் பக்கத்தில் அவளே எழுதியிருக்கிறாள்.

"எடு பாப்பா அந்தப் பேப்பரை" என்றார் ரவி. "உனுக்கு இருந்தாலும் சரி, இல்லன்னாலும் சரி, எடுத்துக்கோ. போதுமா? இப்ப மனசு ஆறிச்சா? போய் கையைக் கழுவு, சோறு துன்னலாம்."

மறுபடி மூன்று கையெழுத்து விழுந்தது. சட்டப்படி எல்லாம் சரி. உண்மையைச் சொல்லியாயிற்று, கேட்டுக்கொண்டு சம்மதித்திருக்கிறார்கள். கிரண்குமாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் செல்கள் பிழைத்தன. வஸுமதி சாப்பிட்டாள் என்று பெயர் பண்ணினாள். பக்கத்தில் அந்தச் சொம்பு, பாதித் தண்ணீரோடு.

பஸ் ஏற்றிவிட பவ்யா மட்டும் கூட வந்தாள். தோப்புக்கு நடுவில் மண்பாதை. நல்ல வெயில், ஆனால் குருவிச் சத்தம்கூட இல்லை. பாதி தூரம் வந்ததும் பவ்யா சொன்னாள்:

"நான் நம்பறேன்க்கா."

வஸுமதி நின்றுவிட்டாள்.

"மொதல் நாளே தெரியும். திருப்பதி பஸ் ஸ்டாண்டுல உங்காளுங்க தூக்கிக் குடிக்கிறதை எத்தினி தபா பாத்துகீறேன்."

"பின்னே ஏன் சொல்லலை? இப்பக்கூட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

பவ்யா சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு துப்பட்டாவுக்குள்ளிருந்து வலது கையை வெளியே எடுத்து நீட்டினாள். விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மடங்கின, நிமிர்ந்தன. மடங்கின, நிமிர்ந்தன. அவள் முகம் அசையாமல் இருந்தது. அந்தக் கைக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல இருந்தது.

"இந்தத் தீவாளியோட ஒரு வருசம் ஆச்சு" என்றாள். தீபாவளி போய் மூன்று வாரம் ஆகியிருந்தது.

இருபத்துநாலு வயது. அப்பா வழியில் இறங்கும்போது சிலருக்கு முன்கூட்டியே வந்துவிடும். வஸுமதி அதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறாள். இப்போது அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிடிக்குள்ளும் அது அடங்கவில்லை.

"அமாவாசைக்கு லீவு குடுக்கமாட்றாங்கன்னு சொல்லி சமாளிச்சுகினு கீறேன். ஞாயித்துக்கெழம வந்தாலும் என் கையைத்தான் பாப்பாங்க. நீங்க வந்தப்புறம் பாக்கறது இல்ல. எப்பப் பாத்தாலும் உங்க பேச்சுதான். வசுமதி கை எப்டி கீது, வசுமதி நடை எப்டி கீது. நான் எதிர்லயே உக்காந்து சோறு துன்றேன், ஒருத்தருக்கும் தெரியல."

"டாக்டர்கிட்ட வரணும் பவ்யா. மாத்திரை இருக்கு, கை ஆட்டத்தைக் கொஞ்சம் அடக்கும்."

"வர்றேன். நீங்க கூப்ட்ட நாளு திருப்பதிக்கு வர்றேன். எந்த ஊசின்னாலும் போட்டுக்கறேன். வூட்டுக்கு மட்டும் வேணாம்." அவள் குரல் முதல்முறையாக உடைந்தது. "தெரிஞ்ச அன்னிக்கே வேலைய நிறுத்திடுவாங்க. அடுப்பாண்ட விடமாட்டாங்க. நைனா மாதிரி நாற்காலில உக்கார வெச்சிடுவாங்க, ஆசையாத்தான். எனக்கு ஒரு வருசம் வேணும்க்கா. யாரும் என் கையைப் பாக்காம ஒரே ஒரு வருசம்."

"நான் என்ன பண்ணணும்?"

"இன்னிக்கு சொன்னதை இனிமே சொல்லாதீங்க. அம்மா நம்பலதான். ஆனா திரும்பத் திரும்பச் சொன்னா சித்தப்பா யோசிப்பாரு. யோசிச்சா அப்பறம் என்னைப் பாப்பாரு." பவ்யா கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள். "வர்றப்பல்லாம் கொஞ்சம் ஆட்டுங்கக்கா. சோறு துன்றப்ப கொஞ்சம் கீழ போடுங்க. அவங்க கண்ணு உங்க மேலயே இருக்கட்டும்."

வஸுமதி பதில் சொல்வதற்குள் பின்னால் ஆட்கள் வருகிற சத்தம் கேட்டது. ரவியும் தனபாக்கியமும் குணாவும் வந்துகொண்டிருந்தார்கள். பெண்ணை அழவைத்து அனுப்பிவிட்டோமே என்று மனசு கேட்காமல், பையில் வேர்க்கடலை போட்டு எடுத்துக்கொண்டு, ரவியை நடுவில் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். அவ்வளவு தூரம் ரவி நடந்து வருஷக்கணக்காகியிருக்கும். மூச்சு வாங்கியது, முகம் முழுக்க வியர்வை, சிரிப்பு.

எல்லோருமாக ரோட்டுக்கு வந்து சேர்ந்தபோது சித்தூர் பஸ் வந்து நின்றது. வஸுமதி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மடியில் படிவங்கள் இருந்த பை. அதற்குள் மூன்று கையெழுத்து. அதற்கு அர்த்தம் இருக்க வேண்டுமானால் அவள் உண்மையானவளாகவே இந்த ஊரைவிட்டுப் போக வேண்டும். இன்னும் ஒரு நிமிஷம் அசையாமல் உட்கார்ந்திருந்தால் போதும். பஸ் கிளம்பிவிடும்.

கீழே நால்வரும் நின்றார்கள். மூன்று பேர் கண்ணும் ஜன்னல் விளிம்பில் இருந்த அவள் கையின் மேல் இருந்தது. நாலாவது ஆள் அவர்களுக்குப் பின்னால், அப்பாவைத் தாங்கிப் பிடிக்கிற சாக்கில், வலது கையை அவர் முதுகுக்கும் தன் வயிற்றுக்கும் நடுவில் கொடுத்து அமுக்கிக்கொண்டிருந்தாள்.

ரவி கையை உயர்த்தி ஆட்டினார். அது அவர் இஷ்டத்துக்கு ஆடவில்லை, எங்கெங்கோ போயிற்று.

வஸுமதி கையை வெளியே நீட்டினாள். முதலில் விரல் ஒன்று. பிறகு மணிக்கட்டு. பிறகு முழங்கையிலிருந்து, தானாகத் தூக்கிப் போடுகிற மாதிரி. மாதக்கணக்கில் நோயாளிகளின் வீடியோக்களைப் பார்த்துக் குறிப்பெழுதியவளுக்கு அது எவ்வளவு அச்சாக வந்தது என்று அவளே அரண்டுபோனாள்.

"பாத்தியா" என்றாள் தனபாக்கியம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பாவம், ரொம்ப அதிகமாய்டுச்சு."

பஸ் நகர்ந்ததும் மூன்று பேரும் அதோடு நாலடி நடந்து வந்தார்கள், அவள் கையை விட்டுக் கண்ணை எடுக்காமல். பவ்யா நின்ற இடத்திலேயே நின்றாள். அவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.